குட்டி யானைக்குப் புது கிளட்ச்

ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கூடவே கருகிய வாடை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அந்தக் குட்டி யானை இப்படித்தான் நின்றுபோனது. உர மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, கயிறு கட்டி இழுத்து வந்து தன் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார் டிரைவர். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வண்டியோ சொந்த வண்டி, மாதாமாதம் டியூ கட்ட வேண்டிய வண்டி. அதனால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்.

2005-இல் குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் வந்த பிறகுதான், லாரி வாங்க வசதியில்லாத பலர் சொந்தமாக லோடு வண்டி வைத்துக்கொண்டார்கள். இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 702 சிசி, 750 கிலோ சுமக்கக் கட்டியது. மேலே போகும்போது உரமும் மளிகைச் சாமானும், இறங்கும்போது சௌசௌவும் மலைவாழையும். 750 கிலோவோடு யாரும் நிறுத்துவதில்லை என்பது ஒட்டன்சத்திரம் சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.

மெக்கானிக் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். கூட வந்த பையன் அவருடைய அக்கா மகன், ஐ.டி.ஐ. முடித்தவன். வந்ததும் ஸ்பேனரை எடுப்பார்கள் என்று பார்த்தால், அவர் முதலில் கிளட்ச் கேபிளைத்தான் தொட்டார். கேபிளில் கொஞ்சமும் பிளே இல்லாமல் இறுகிக் கிடந்தாலும் கிளட்ச் நழுவும். அங்கே குறை இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே கிளட்சை மெல்ல விட்டார். பிடி இருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே அணைந்திருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, ஜாக்கி போட்டாச்சு.”

“ஜாக்கிய நம்பி எவன்டா அடியில போவான்? ஸ்டெப்னிய உருட்டிட்டு வா.”

ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு, அதன்மேல் மரக்கட்டை அடுக்கிய பிறகுதான் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். பேட்டரி வயர், ஜாயின்ட், கியர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழன்று சாக்கின்மேல் வரிசையாக வந்தது. கியர் பாக்ஸை இறக்குவதுதான் கடினம். நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், சாய்ந்தால் சாஃப்ட் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடந்தபடி அந்த எடையை அண்ணன் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். கியர் பாக்ஸுக்கென்றே செய்த ஜாக்கி இருக்கிறது. வீடு வீடாகப் போய் வேலை செய்பவர்கள் கையில் அது இருந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே கருப்புப் பொடி அப்பிக் கிடந்தது. பையன் வாயால் ஊதப் போனான். “ஊதாதடா” என்று ஒரு அதட்டல். ஈரத் துணி கைக்கு வந்தது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்ய நம் நாட்டில் இன்னும் தடை இல்லை. விலை மலிவான பிளேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, மாட்டுகிறவருக்கும் தெரியாது. இந்தப் பொடியைக் காலமெல்லாம் சுவாசிப்பவர்களுக்கு ஒரு முகக்கவசம்கூட இல்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய பிளேட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் ஒரு குழிக்குள் பதிந்திருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டினார். எங்கும் குழி தட்டவில்லை. ரிவெட்டின் தலை ஃபிளைவீலில் உரசி வட்டமாகக் கோடு இழுத்திருந்தது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் திட்டுத் திட்டாக நீலம், சூடு ஏறியதன் அடையாளம். ஃபிளைவீலின் நடுவை விரலால் தடவி முகர்ந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம். இல்லை, காய்ந்திருந்தது.

“தம்பி, ஹாஃப் கிளட்ச்சுலயே நிறுத்துறீங்களோ?”

டிரைவர் சற்றுத் தயங்கினார். “வளைவுல எதுக்க பஸ் வந்தா நின்னுதானண்ணே ஆகணும்? ஹேண்ட் பிரேக் பிடிக்கல. வண்டி பின்னால உருளுதுன்னு கிளட்ச்சுலயே தாங்கிக்கிறேன்.”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா? இத மாத்தி நாளைக்கு மறுபடியும் கருக்கவா?”

பாதி மிதித்த கிளட்சில் பிடிப்பும் முழுதாக இருக்காது, விடுதலையும் முழுதாக இருக்காது. உரசல் மட்டும்தான், அந்த உரசலில்தான் லைனிங் தீர்ந்துபோகும். டிரைவரின் காலைக் குறை சொல்லிவிட்டு பிளேட்டை மாற்றிப் போயிருக்கலாம், பலர் அப்படித்தான் போகிறார்கள். இவர் பின்சக்கரத்துப் பக்கம் நகர்ந்தார். ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருந்தது. கிளட்ச் மாற்றக் கூலி இவ்வளவு என்று காலையிலேயே பேசி முடித்தாயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்ததற்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பையன் ஃபிளைவீலை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போய் முகம் சீவி வந்தான், புது கேபிளும் வாங்கி வந்தான். புது பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர் பாக்ஸிலிருந்து எடுத்து வைத்த சாஃப்ட் ஒன்றை அண்ணன் பையிலேயே வைத்திருக்கிறார். பிளேட் மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸ் ஏறாது. சாஃப்டைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான் பையன். கியர் பாக்ஸ் சாஃப்டின் பல்லில் கிரீஸை விரல் நுனியளவே தடவச் சொன்னார். கூடினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் படியும், புது பிளேட்டும் வழுக்கும். ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினார்கள். அதை மட்டும் மாற்ற இன்னொரு முறை எல்லாவற்றையும் இறக்க முடியுமா?

பெடல் சரிபார்த்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாய்க்கால் கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இரண்டு காலையும் எடுக்கச் சொன்னார். வண்டி அசையவில்லை. “இப்ப எடுங்க.” உறுமாமல், வாடையில்லாமல் ஏறியது.

“நாளைக்குப் பாச்சலூர் லோடு இருக்குண்ணே.”

“பிளேட் படியிற வரைக்கும் அரை லோடு போதும் தம்பி.”

“அரை லோடுக்கு டீசல் காசுதான்ணே தேறும்.”

“தேறட்டும். ஒரு வாரம்.”

சரி என்று தலையாட்டிய டிரைவர், உரக்கடைக்காரருக்கு போன் போட்டு, மூட்டையைக் குறைத்து ஏற்றச் சொன்னார்.