அந்த மோட்டார் யாருக்காக ஓடுது?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'பயன்பாடுகள்' என்று ஒரு பக்கம் வருமே, அதில் என்ன எழுதுனீங்க? "விவசாயம், மருத்துவம், தொழில்துறை." மூணு வரி, சீனியர் ரிப்போர்ட்டில் இருந்தது இருந்தபடியே. நாலு பேர் டீமில் ரெண்டு பேர் ரிவ்யூவுக்கு முதல் நாள் மட்டும் தலைகாட்டுவதற்கும் அந்த மூணு வரிக்கும் சம்பந்தம் இருக்கு என்பது என் கட்சி.

சோம்பேறிப் பசங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அதே பசங்கதான் சிம்போசியத்துக்கு ராத்திரி முழுக்க முழிச்சு வேலை பார்க்கிறாங்க. அப்போ பிரச்சினை உழைப்பில் இல்லை. செய்யற வேலை போய்ச் சேர்ற இடம் கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

எங்க ஊர் சமயநல்லூர். திண்டுக்கல் ரோட்டில் போனவங்களுக்கு இங்கே இருந்த டீசல் மின் நிலையம் தெரிஞ்சிருக்கும். 2001இல் ஓடத் தொடங்கிய 106 மெகாவாட் நிலையம். எண்ணெய் எரிச்சு எடுக்கிற மின்சாரம் விலை அதிகம். மின்வாரியமோ எது மலிவோ அதைத்தான் முதலில் எடுக்கும். இன்ஜினை எவ்வளவு பக்குவமா வெச்சிருந்தாலும், அது ஓடணுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது யூனிட் விலைதான். நாம் நாலு வருஷம் படிக்கிற எஃபிஷியன்சி என்பது கடைசியில் ஒருத்தர் கட்டுற பில்லில் போய் நிற்குது. இதை வகுப்பில் யாரும் அந்தப் பக்கமிருந்து சொல்லித் தரலை.

இதுக்கு நேர் எதிரான உதாரணமும் நம்ம மதுரையிலேயே இருக்கு. அரசு வேலையில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். அதன் லென்ஸ் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? கண்புரை ஆபரேஷனில் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கணும். 1980களில் அது வெளிநாட்டுச் சரக்கு, ஒண்ணு நூறு டாலர் கணக்கில். காசு இல்லாதவங்களுக்கு லென்ஸ் வைக்காமலே ஆபரேஷனை முடிச்சு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவாங்க. அந்தக் கண்ணாடி உடைஞ்சா பழையபடி இருட்டுதான்.

1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை மதுரையிலேயே செய்தாங்க. விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. இன்றைக்கு நூறு நாடுகளுக்கு மேல் போகுது. இன்ஜினியர் கண்ணால் இதைப் பாருங்க. பிளாஸ்டிக்கைக் கடைந்து, பாலிஷ் போட்டு, அளந்து, கிருமி நீக்கிப் பேக் பண்ணணும். இதில் எந்தப் படியில் கழிவு விழுந்தாலும் விலையில் ஏறும். விலை ஏறினால் இலவச ஆபரேஷன் எண்ணிக்கையில் இடிக்கும், ஏன்னா அங்கே காசு கட்டுறவங்க வருமானத்தில்தான் கட்ட முடியாதவங்களுக்கும் பார்க்கிறாங்க. லேத்தில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஒரு பாட்டியின் கண் பக்கமா நகருது. அங்கே வணிகக் கணக்கும் தர்மக் கணக்கும் ஒரே நோட்டில். 'பிசினஸ் வேல்யூ' என்றாலே முதலாளி லாபம் என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா எண்ணைச் சொன்னால் மட்டும் யாருக்கும் வேகம் வந்துடாது. நான் இன்டர்ன்ஷிப் போன ஒரு கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் மீட்டிங். "இந்தக் காலாண்டு இலக்கு இத்தனை கோடி" என்று ஸ்லைடு வரும். எழுதுற கோடுக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போவோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடம் கிராண்ட் குழு செய்து 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வு இந்த இடைவெளியைப் பற்றியதுதான். போன் பண்ணி நன்கொடை கேட்கிறவங்க, அந்தப் பணத்தில் படிக்கிற ஒரு மாணவரைச் சில நிமிஷம் நேரில் சந்திச்சாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, அவங்க போனில் பேசின நேரமும் சேர்த்த பணமும் ரெண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. சம்பளம் கூடலை, இலக்கும் மாறலை.

இப்போ எங்க ப்ராஜெக்ட். கிணறு வத்தினதும் மோட்டாரைத் தானா நிறுத்துற கருவி. தண்ணி இல்லாமல் ஓடினால் மோட்டார் எடுக்கிற கரண்ட் குறையும், அதைப் பிடிச்சு ஆஃப் பண்ணணும். லேபில் வேலை செஞ்சுது. டீம் தூங்கிடுச்சு. ஒரு சனிக்கிழமை மூணு பேரையும் பஸ் ஏத்தி, தேனூர் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியப்பா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மல்லி போட்டிருக்கார். கருவியைக் காட்டினதும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு இது சும்மா நின்னுபோச்சுன்னா யாரு வந்து போடுறது?"

யோசிச்சுப் பாருங்க. மோட்டார் காயில் எரிஞ்சா ரீவைண்டிங் செலவு, நாலு நாள் தண்ணி இல்லை, பூ போச்சு. அது எங்களுக்குத் தெரியும். ஆனா காரணமில்லாமல் நின்னாலும் அவருக்கு நஷ்டம். மறுபடி போட இருட்டில், பாம்பு பூச்சிக்கு நடுவில் வரப்பில் நடக்கணும். ரெண்டு தடவை அப்படி ஆனா கருவியைக் கழட்டி வீசிடுவார். அவர் சொன்னதும்தான் எங்களுக்கு ஸ்பெசிஃபிகேஷனே கிடைச்சது: சும்மா நிற்கவே கூடாது.

திரும்பி வர்ற பஸ்ஸில், அதுவரை வாய் திறக்காத நண்பன் ஆரம்பிச்சான். நீர் குறையும்போது காத்து கலந்து வந்தா கரண்ட் ஓரிரு நொடி இறங்கி ஏறும், அதுக்குப் போய் நிறுத்தக் கூடாது, கொஞ்சம் காத்திருந்து பார்க்கணும். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கரண்ட் மாறும், அதனால் கரண்டை மட்டும் நம்பாமல் பவரையே கணக்கிடணும். பரவை தாண்டுறதுக்குள்ள நோட்டில் ரெண்டு பக்கம் எழுதிட்டான். அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை.

உங்க ப்ராஜெக்ட்டுக்கும் இப்படி ஒரு ஆள் எங்கேயோ இருப்பார். வெல்டிங் பட்டறையிலோ, பரவை மார்க்கெட்டிலோ, நம்ம காலேஜ் மெஸ்ஸிலேயோ. சர்க்யூட் வரையறதுக்கு முன்னாடி டீம் முழுக்க அவர்கிட்ட போங்க. லீடர் மட்டும் போய்க் கேட்டு வந்து சொன்னால் பலிக்காது, நான் அதையும் பார்த்திருக்கேன். அவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க: இப்போ இந்த வேலைக்கு என்ன செலவாகுது, அதில் எது ரொம்பக் கடுப்பேத்துது, எவ்வளவு விலைன்னா வாங்குவீங்க. மூணாவது கேள்விக்குக் கூச்சப்படாதீங்க. பெரியப்பா சொன்ன விலையைக் கேட்டுத்தான் எங்க டிஸ்ப்ளேயைத் தூக்கிட்டு ஒரு பச்சை, ஒரு சிவப்பு எல்இடி வெச்சோம்.

கருவி இப்போ தேனூரில் ஓடிட்டிருக்கு. மூணு வாரத்தில் ஒரு தடவை காரணமில்லாமல் நின்னது. என்னன்னு பார்க்க இந்தச் சனிக்கிழமை போறோம், நாலு பேரும்.