நெய்க்காரப்பட்டி தோட்டத்துக்கு எந்தத் துப்பாக்கி?

பழநியிலிருந்து மேற்கே, கொழுமம் போகும் சாலையில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. கரும்பு வெட்டுக் காலத்தில் இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஊர்ப் பெயர்ப்பலகை தேவையில்லை. வெல்லப் பாகு கொதிக்கும் வாசமே வழி சொல்லிவிடும். ஊரைத் தாண்டித் தெற்கே பாப்பம்பட்டிப் பக்கம் திரும்பினால் தென்னையும் கரும்பும் மக்காச்சோளமும். அதற்கப்புறம் குதிரையாறு அணை, அதன் தலைமாட்டில் மலை. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் பரவிக் கிடப்பது இந்த மலைத்தொடரில்தான். வரப்புக்கும் காட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி கிடையாது. பல தோட்டங்களில் அது ஓர் ஓடை அகலம்தான்.

அந்த ஓடை வழியாகத்தான் காட்டுப்பன்றி வருகிறது. கரும்பைத் தின்பதைவிடச் சாய்ப்பது அதிகம். கதிர் பிடித்த மக்காச்சோளத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது மாடு புரண்ட களம் மாதிரி கிடக்கும். நிலக்கடலையில் வரிசை பிடித்து உழுதுவிடும். நட்டு ஒரு வருடமான தென்னங்கன்றின் அடியைத் தோண்டிக் குருத்தைக் கடித்துப் போட்டால், போனது கன்று மட்டுமல்ல, ஒரு வருடத் தண்ணீரும் ஆள் கூலியும் சேர்ந்துதான்.

இந்தக் கோபத்தில்தான் டீக்கடையில் பேச்சு துப்பாக்கிக்குப் போகிறது. “ஏனுங்க மாமா, வெளிநாட்டுல சின்னத் தோட்டா ரைபிள் வெச்சுக் காட்டுப்பிராணிய அடிக்கறாங்களே, நாமளும் ஒண்ணு வாங்கிப்புடலாமுங்களா?” கேட்பவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அவர் சொல்வது போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். கைப்பிடியைத் தூக்கி இழுத்து, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுவது. அமெரிக்காவில் புல்வெளியைத் துளைக்கும் அணில் இன விலங்குகளையும் முயலையும் சுட பாயிண்ட் 22 போன்ற சிறு தோட்டா ரைபிளை வைத்திருப்பார்கள். அந்தத் தோட்டாவின் ஈயக்குண்டு சுமார் இரண்டரை கிராம்தான். முயலுக்கு அது போதும். நூறு கிலோ ஆண் பன்றியின் தோள் தோலும் கொழுப்பும் அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். அடிபட்ட பன்றி கரும்புக்குள் படுத்திருக்க, காலையில் மடை திறக்கப் போகிறவர் அதன் முன்னால் போய் நிற்பார். துப்பாக்கி இல்லாத ராத்திரியைவிட அது மோசம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தச் சின்னக் குண்டு குறி தவறினால் ஒன்றரை மைல் வரைகூடப் போகும். கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் திசை மாறும். தோட்டத்துக்குத் தோட்டம் சாளை கட்டி மனிதர்கள் படுத்திருக்கும் இந்தச் சமவெளியில், இருட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டம் விவசாயியை மறக்கவில்லை. பயிர்க் காவலுக்கு அதில் பெயர் சொல்லி இடம் கொடுத்திருப்பது, குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி திருப்தியடைந்தால், உள்ளே வரி இல்லாத வழவழப்புக் குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிள் என்றாலே குழலுக்குள் திருகு வரி போட்டது. பயிர்க் காவலுக்கான அந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை. பாயிண்ட் 22 ரைபிள் நம் நாட்டில் பெரும்பாலும் குறி சுடும் விளையாட்டுக்காரர்கள் கையில் இருப்பது. கோவையிலும் மதுரையிலும் அதற்கு ரைபிள் கிளப்புகள் உண்டு.

எதுவானாலும் முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருக்கும். பன்றிக்குத் தேர்தல் தெரியாது என்பது விவசாயிகள் சொல்லிச் சொல்லி அலுத்த குறை.

உரிமம் உள்ளவர்கள் அதைப் பராமரிப்பதிலும் கவனம் வேண்டும். மருந்து இடிக்கும் துப்பாக்கியின் கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் துரு ஏற்றும். சுட்டதும் குழலை வெந்நீரால் கழுவி, துணியால் நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவினால்தான் அது பிழைக்கும். ரைபிள் குறி தவறினால் முதலில் பார்ப்பது, கட்டையோடு பூட்டியிருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, குழல் கட்டையில் உரசுகிறதா என்பதை. உரசல் தெரிய ஒரு காகிதத் துண்டை இடையில் நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். ஒரே பெட்டித் தோட்டாவை வைத்து, ஒரே தூரத்தில், கிளப் மைதானத்தில்தான் குறி சரிசெய்வார்கள். விசையை இளக்குவது, குழலை மாற்றுவது போன்ற வேலைகளை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பழுது பார்ப்பதற்கே சட்டம் தனி உரிமம் கேட்கிறது. ஏர்மோட்டார் சரிசெய்யும் லேத் பட்டறையில் “கொஞ்சம் பாருங்க” என்று நீட்டினால் இரண்டு பேருக்கும் வழக்கு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

சரி, துப்பாக்கி கையில் இருந்தால் சுடலாமா? அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை. பழநி ஊரில் அதைச் சட்டம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, முருகன் வாகனம். விதைத்ததைக் கொத்திக்கொண்டு போகும்போதும் கல்லெடுக்கக் கை தயங்கும்.

பன்றிக்கு மட்டும் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி தானாகச் சுட அனுமதி இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வனக்காப்பாளர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழு பரிந்துரைக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்திலோ 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே அனுமதி தர, உரிமத் துப்பாக்கி உள்ளவர்கள் சுடுகிறார்கள். பாலக்காட்டுக்காரருக்கு இருக்கும் வசதி நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத்தான் சேதம் அதிகம். தமிழ்நாட்டு விதியில் குறைந்த உதவி கிடைப்பதும் அவருக்கே. குதிரையாறு அணையோரத் தோட்டங்கள் பலவும் அந்த முதல் இரண்டு வளையத்துக்குள்தான் வரும்.

ஆத்திரத்தில் சிலர் கம்பியில் நேரடி மின்சாரம் விடுகிறார்கள், சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததில் யானை சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சாகிறார். துடிப்பாக மட்டும் மின்சாரம் விடும் சோலார் வேலி அடித்துத் தள்ளுமே தவிர ஆளைக் கொல்லாது. 2023 விதிப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். கீழ்க்கம்பி தரையோடு ஒட்டி இருக்க வேண்டும், அதில் புல் படாமல் வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். பன்றி பெரும்பாலும் தாண்டுவதில்லை, மூக்கால் நெம்பித்தான் நுழையும்.

சேதமானால் தடம் கலைவதற்குள் சர்வே எண்ணோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கரும்பை அதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டாம்.