ரயில் இல்லாத நேரத்துப் பாட்டு

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். கப்பலுக்கு வழிவிட்டு மேலே எழும்பும் அந்த 72.5 மீட்டர் இரும்புத் தூக்கைத்தான் தொலைக்காட்சிகள் அன்று முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தன. ராமநாதபுரத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் போனில் வேறு கதை சொன்னார். "தீவே சந்தோஷமா இருக்கு. தங்கச்சிமடத்துல மூணு பேருக்கு மட்டும் வயித்தக் கலக்குது. ரயில் ஓடாத நாளாப் பார்த்து ரெக்கார்டிங் ஸ்டுடியோ கட்டிட்டானுங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

1914-இல் திறந்த பழைய பாலம் துருவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதால் 2022 டிசம்பர் 23 முதல் அதில் ரயில் ஓடவில்லை. இரண்டேகால் ஆண்டு ராமேசுவரம் தீவுக்குள் தண்டவாளம் சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில், 2023-இல், மூன்று நண்பர்கள் கட்டிய ஸ்டுடியோ தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

நான் போனது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஊரில் ஆள் இருந்தது, கையில் காசு இல்லை. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய் மளிகைக் கடைப் பாக்கிக்கே சரியாகிவிடும். ஸ்டுடியோவுக்கு இதுதான் பரபரப்பான மாதம். மற்ற நாளில் கடலுக்குப் போகிற குரல்கள் இந்த இரண்டு மாதம்தான் கரையில் கிடைக்கும். "கூட்டம் இப்பத்தான்ணே. கடனும் இப்பத்தான்" என்றார் கீபோர்டுக்காரர்.

மூவரில் அவர் ஊர் மாதா கோயிலில் வாசித்துப் பழகியவர். இரண்டாமவர் பாம்பனிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன். மூன்றாமவர் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் பிறகு புரிந்தது.

இறால் வியாபாரி ஒருவர் ஐஸ் பெட்டி அடுக்கிவைத்திருந்த அறையைத்தான் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். சுவர் முழுக்கத் தெர்மகோல். "குளிரையே வெளிய விடாத ரூமு, சத்தத்த விடுமான்னு நெனச்சோம்ணே" என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன். வெப்பத்தை நிறுத்தும் தெர்மகோல் சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தை மறிக்க எடை வேண்டும், இடுக்கு இல்லாமல் அடைத்திருக்கவும் வேண்டும். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். தெர்மகோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பழைய சுவருக்கு உள்ளே நாலு விரல் இடம் விட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பினார்கள். ஒரு கதவு இரண்டானது. காரின் கதவில் ஓடும் ரப்பர் பட்டையைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி இரண்டிலும் ஒட்டினார்கள்.

உள்ளே எதிரொலியை அடக்குவது தனி வேலை. முட்டை அட்டையை வரிசையாக ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை இவர்கள் நம்பவில்லை. மெத்தை தைப்பவரிடம் தேங்காய்நார்ப் பாளம் வாங்கி, மரச்சட்டத்தில் அடைத்து, மேலே காடாத் துணி இழுத்து ஆணி அடித்திருக்கிறார்கள். உள்ளே நின்று கை தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்திலேயே முடிந்துவிட்டது ஓசை.

அடுத்த வில்லங்கம் எர்த். இந்த மணலில் எர்த் நிற்காது. முதல் பதிவிலேயே குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று 50 சைக்கிள் கரண்ட் முனகல். குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக் கம்பியை இறக்கினார்கள். கோடையில் தினம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு. "சுத்தி நாலு பக்கமும் கடலு. உப்ப மூட்டையா காசு குடுத்து வாங்குனோம்."

மைக் கதை இன்னும் கொஞ்சம் பெரியது. ஸ்டுடியோ என்றால் கண்டென்சர் மைக் இருக்க வேண்டும் என்று கடன்பட்டு ஒன்று வாங்கினார்கள். மின்னூட்டம் ஏறிய மெல்லிய சவ்வுதான் அதன் உயிர். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த மின்னூட்டம் கசியத் தொடங்கி, பாட்டுக்கு நடுவே பொரிகிற சத்தம் வந்தது. இப்போது அது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உறங்குகிறது. கோடையில் மட்டும் வெளியே வரும். ஆண்டு முழுக்க உழைப்பது ஷூர் எஸ்எம்58. 1966-இலிருந்து உலக மேடைகளில் அடிபடும் மைக். காந்தம், கம்பிச்சுருள், அவ்வளவுதான் உள்ளே. தனியாக மின்சாரம் கேட்காது, ஈரத்துக்கும் அஞ்சாது. இவர்களிடம் இருப்பதன் வலைத்தலை நசுங்கியிருக்கிறது, கழுத்தில் உப்புப் பூத்திருக்கிறது. கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியதாம்.

பதிந்ததைக் கம்ப்யூட்டரில் ரீப்பர் என்ற மென்பொருளில் போட்டுச் செய்யும் வேலைகளை மூன்றாமவர் விளக்கிக்கொண்டே போனார். கம்ப்ரஸர் வரைக்கும் கூடவே போனேன். அதற்குப் பின் டீ சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டேன்.

அறையை ஓட்டுவது பாட்டு இல்லை. மீன்கடை, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் என்று ஆட்டோவில் மைக் கட்டிப் போகும் விளம்பரங்கள்தான் வாடகை கட்டுகின்றன. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. பி.எச்.அப்துல் ஹமீது மாதிரிப் பேசச் சொல்லி இன்னும் கடைக்காரர்கள் கேட்கிறார்களாம். பிறகு திருவிழாப் பாட்டுகள். சந்தனக்கூடு, மாதா கோயில் கொடியேற்றம், முளைப்பாரி, காவடி என்று எல்லா மதமும் இந்த ஒரு மைக் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனீபாவின் குரலில் பாட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மட்டும் மைக்கை ஒரு முழம் தள்ளி வைக்கிறார்கள்.

விளம்பரம் செய்து பிழைக்கிறோமே என்று கீபோர்டுக்காரருக்கு ஒரு கூச்சம். அதற்குத் தேவையே இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிக்கூடத்தைக் கட்டியபின், 1992-இல் 'ரோஜா' வரும்வரை அவர் கையில் இருந்ததும் பெரும்பாலும் விளம்பர இசைதான்.

இந்தத் தீவுக்கு ஒலிப்பதிவு புதிதும் அல்ல. பாம்பனில் 'கடல் ஓசை 90.4' 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்பாகிறது. காற்று, அலை, வானிலை என்று 'சமுத்திரம் பழகு' போன்ற நிகழ்ச்சிகளில் கடல்காரர்களின் பேச்சிலேயே சொல்கிறது. ஊர்க்காரன் பேச்சும் ஒலிபரப்புக்கு ஆகும் என்று காட்டியது அதுதான் என்கிறார்கள் மூவரும். ஆனால் சமுதாய வானொலிக்கு வேலி உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டிப் பெரும்பாலும் கேட்காது. சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல முடியாது. 2024-இல் உயர்த்திய பிறகும் விளம்பரம் மணிக்கு 12 நிமிடம், அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 74 ரூபாய். பாட்டைப் பதிந்து, காப்பாற்றி, விற்பது வேறு யாராவது செய்ய வேண்டிய வேலை.

நான் போன அன்று நடந்தது, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் பதிவு. கீபோர்டுக்காரருக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர். எழுபதைத் தாண்டியவர், தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுத்தவர். படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வர, இரு முனை வடத்தையும் இரண்டு அணிகள் கரையில் நின்று இழுக்கும். ஒருவர் அம்பா எடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

ஹெட்போனை மாட்டிக் காதில் தாளக் கிளிக்கை ஓடவிட்டார்கள். இரண்டு அடி பாடியவர் நிறுத்திவிட்டார். "என்னப்பா, உள்ள பல்லி கத்துது?" கிளிக்கை நிறுத்தினார்கள். மறுபடி பாடினார். சொல் சரி, குரல் சரி. மூச்சை எங்கே விடுவது என்றுதான் தெரியவில்லை. அடிக்கு நடுவே திணறினார்.

கீபோர்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "மச்சான், அந்த வடத்த எடுத்துட்டு வா" என்றார். ஐஸ் அறையாக இருந்தபோது தராசு தொங்கிய இரும்புக் கொக்கி தூணில் அப்படியே இருந்தது. வடத்தை அதில் ஒரு சுற்றுப் போட்டு ஒரு முனையை எலக்ட்ரீஷியன் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க, மறுமுனையைப் பெரியவர் கையில் கொடுத்தார்கள். அவர் வடத்தைக் கக்கத்தில் அணைத்து, குதிகாலை ஊன்றி, ஓர் அடி பின்னால் வைத்தார். குரல் அப்போதுதான் வந்தது. இழுக்கும்போது மூச்சு வெளியேறியது, வடம் தளர்ந்த நொடியில் அடுத்த அடிக்கு மூச்சு ஏறியது. அவர் பின்னால் நகர நகர, கம்ப்யூட்டர்க்காரர் கோடை என்பதால் டப்பாவிலிருந்து எடுத்திருந்த கண்டென்சர் மைக்கைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு கூடவே நகர்ந்தார். வடம் கொக்கியில் தேயும் கிறீச்சொலியும் பதிவில் விழுந்தது. அதை எடுத்துவிட வேண்டாம் என்று முடிவாயிற்று.

முடியும் நேரத்தில் தரை மெல்ல அதிர்ந்தது. ராமேசுவரத்திலிருந்து புறப்பட்ட ரயில். செங்கல் சுவர் காற்றில் வரும் சத்தத்தை மறிக்கும், மண்ணுக்குள் வரும் அதிர்வை என்ன செய்யும்? கீழ்ச்சுருதியை வடிகட்டினால் ரயில் குறையும், பெரியவரின் நெஞ்சுக் குரலும் கூடவே மெலியும். சுவரில் ரயில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்து, அடுத்த ரயிலுக்கு முன்னால் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை முழுதாக வந்தது.

திரையில் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நிமிடத்துக்கு அறுபதை ஒட்டித் தொடங்கிய அடி, முடிவில் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வலையின் மடி கரையை நெருங்கினால் மீன் துள்ளித் தப்பப் பார்க்கும், கை வேகம் கூட வேண்டும், பாட்டும் கூடவே ஏறும். தனியறையில், மீனே இல்லாத வெறும் வடத்தில், பெரியவர் மடியைக் கரைவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். தாளத்தை ஒரே சீராக நேராக்கினால் டிரம்ஸ் போடலாம் என்றார் கம்ப்யூட்டர்க்காரர். "அதத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்டா" என்றார் கீபோர்டுக்காரர்.

இனி பெயர் போட வேண்டாம் என்றதன் காரணம். நான் போனதற்கு முந்தைய வருடம் பக்கத்து ஊர்ப் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டு ஒன்றை இங்கே பதிந்தார்கள். திருவிழாவில் ஒலித்த அந்தப் பதிவை யாரோ நகல் எடுத்து, இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் வழியே தன் பெயரில் ஏற்றிவிட்டார். இவர்கள் பிறகு ஏற்றியபோது, இதன் உரிமை வேறொருவருக்கு, விளம்பரக் காசு அவருக்கே போகும் என்று தானியங்கிப் பதில் வந்தது. முறையிட்டார்கள். ஒப்பந்தத் தாளைக் காட்டுங்கள் என்றார்கள். தாள் ஏது? வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தக் கரையில் மீனுக்கு நடப்பதேதான் பாட்டுக்கும் நடக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கேசட் காலத்தில் பாடகனுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். இப்போது எழுதி வாங்குவதுகூட இல்லை, முந்தி ஏற்றியவன் முதலாளி. உப்புக்காற்றில் நின்று சுவர் எழுப்பியவனுக்கும் தொண்டை நோகப் பாடியவளுக்கும் நடுவில், எங்கோ உட்கார்ந்து பட்டனை அமுக்கியவன் பங்கு எடுத்துக்கொண்டு போகிறான்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவில், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு அவர் ராயல்டி பெறலாம் என்று 2012 திருத்தம் சேர்த்தது. ஆனால் மரபுப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் கிடையாது. அதன் ஒலிப்பதிவுக்குத்தான் 60 ஆண்டு உரிமை. அந்த உரிமை முதலில் போய்ச் சேர்வது, பதிவை முன்னின்று பொறுப்பெடுத்துச் செய்த தயாரிப்பாளரிடம்.

அதாவது இந்த மூவரிடம். இதைச் சொன்னபோது அறையில் பேச்சு நின்றது. பெரியவரிடமும் அவர்கள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நாளைக்கு இந்த மூவரில் ஒருவர் சென்னைக்குப் போய் இதை விற்றால், பெரியவரின் கையிலும் காட்ட ஒரு தாள் இருக்காது. இடைத்தரகர் மேல் எனக்கு இருந்த கோபம் இந்த நல்ல பிள்ளைகள் பக்கமும் கொஞ்சம் திரும்பியதை மறைக்க மாட்டேன்.

வழி அவர்களிடமே இருந்தது. ஸ்டுடியோ வருமானத்தை இவர்கள் பிரிப்பது படகுக் கணக்கில். படகில் ஆளுக்குப் பங்கு போக, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. இங்கே மூவருக்கு மூன்று, மெஷினுக்கு ஒன்று, வாடகைக்கும் கரண்டுக்கும் ஒன்று. "பாடுறவங்களுக்கு ஆறாவது பங்கு வச்சு, தாள்ல எழுதிருவோம்" என்றார் எலக்ட்ரீஷியன். சர்ச்சை அங்கேயே தொடங்கிவிட்டது. ஆட்டோ விளம்பரத்துக்கும் பங்கு உண்டா? கும்மியில் பதினைந்து பெண்கள் என்றால் ஆறாவது பங்கைப் பதினைந்தாக வெட்டுவதா? ஒன்றுமே வராத பாட்டுக்கு என்ன பங்கு?

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அம்பா எடுக்குறவன் ஒருத்தன்தான். ஆனா வாங்கிப் பாடுறவன் இல்லன்னா வலை வராதுப்பா. எல்லாருக்கும் போடு, கொறச்சுப் போடு." கம்ப்யூட்டர்க்காரர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துத் தேதி, பாட்டு, பாடியவர், கூடப் பாடியவர், பங்கு, ஐந்து ஆண்டு என்று கட்டம் போட ஆரம்பித்தார். முதல் வரியில் பெரியவர் பெயர் ஏறியது. கூடப் பாடியவர் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. அன்று வடம் பிடித்த எலக்ட்ரீஷியனும் கணக்கில் வருவார் என்கிறார் கீபோர்டுக்காரர். பிடித்ததற்குப் பங்கு கேட்டால் நாளைக்கு மைக் தாங்கியைத் தூக்கியவனும் கேட்பான் என்கிறார் மூன்றாமவர். ஜூன் 15-க்குள் தீர்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு பாட வேண்டியவர்கள் கடலில் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.