தத்தம் மொழியில்

மனிதன் கடவுளைத் தேடிக் கண்டடைகின்றானா, கடவுளே தம்மை மனிதனுக்கு வெளிப்படுத்துகின்றாரா என்னும் வினாவிற்குக் கிறித்தவம் இரண்டாவதையே விடையாகக் கொண்டது. வானமும் மலையும் கடலும் படைத்தவரை உணர்த்தும் என்பதை அது மறுப்பதில்லை. ஆயினும், அவரே பேசினாலன்றி அவரை அறிதல் இயலாது என்பது அதன் துணிபு.

ஓரேப் மலையில் எலியாவின் முன் பெருங்காற்று வீசிற்று, நிலம் அதிர்ந்தது, நெருப்பு எழுந்தது. அவற்றுள் எதிலும் ஆண்டவர் இல்லை. அதன்பின் எழுந்த மெல்லிய ஒலியைக் கேட்டே எலியா தம் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்டவரின் மகிமையைக் காண விரும்பிய மோசேக்கோ முகம் காட்டப்படவில்லை. கடந்து செல்பவரின் பின்புறமே காட்டப்பட்டது. யோவான் சுவிசேஷம் 'வார்த்தை'யில் தொடங்கி, அவ்வார்த்தை மனிதரானதைச் சொல்கிறது. காட்சியினும் சொல்லே இச்சமயத்தில் முதன்மை பெறுகிறது எனலாம். சொல் என்று வந்துவிட்டால், எம்மொழிச் சொல் என்ற கேள்வியும் உடன்வருமன்றோ? தலைநகரில் பகலெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளுக்குக் குறிப்பெழுதி, மாலையில் வீடு திரும்பித் தமிழ் பேசும் என் போன்றோர்க்கு இது ஏட்டளவிலான ஆராய்ச்சியன்று.

அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தை நான் அடிக்கடி படிப்பது இதனால்தான். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் யாவர்? பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், மெசொப்பொத்தாமியா, எகிப்து, ரோமாபுரி, கிரேத்தா, அரபு நாடு எனப் பட்டியல் நீள்கிறது. பிற நாடுகளில் பிறந்து அந்நகரில் தங்கி வாழ்ந்தோர் அவர்களுள் பலர். ஒருவகையில் நம் இனத்தார். இயேசுவின் சீடர்கள் பேசியதை அவரவரும் தாம் பிறந்த மொழியில் கேட்டு வியந்தனர். மது மயக்கம் என்று எள்ளியோரும் அங்கே இருந்தனர். கூட்டம் என்றால் அத்தகையோரும் இருக்கத்தானே செய்வர்!

இதில் நான் வியப்பது வேறொன்று. கிழக்கிலிருந்து வந்தோர்க்கு அரமேயமும், மேற்கிலிருந்து வந்தோர்க்குக் கிரேக்கமும் பெரும்பாலும் பழகிய பொதுமொழிகளே. அடுத்துப் பேதுரு எழுந்து எல்லாருக்கும் ஒருசேர உரையாற்ற, அன்று ஏறத்தாழ 3,000 பேர் சேர்ந்தனர் என்று அதே அதிகாரம் கூறுகிறது. செய்தி விளங்குவதற்குப் பொதுமொழியே போதுமாயிருந்தது. இருந்தும் முதலில் ஒலித்தது தாய்மொழி. சந்தையிலும் அலுவலகத்திலும் உதவும் மொழி வேறு. தாலாட்டில் கேட்ட மொழி வேறு. தம்மை அறிவிக்கக் கடவுள் பின்னதைத் தேர்ந்தார் என்றே நான் கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு இச்சமயத்திற்கு இயல்பானதும் இதனாலேயே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. அவர் கடவுளைச் 'சர்வேசுரன்' என்றார். பின்வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-ஆம் ஆண்டின் பதிப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. ஒவ்வொன்றுக்கும் அறிஞர் வாதங்கள் உண்டு. என் தாயாருக்கோ 'தேவன்' ஒன்றே பெயர். ஏனையவை யாரோ அயலாரின் பெயர்கள்.

அவர் எங்கள் அரசுக் குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தும் இந்தி கற்கவில்லை. காய்கறிக்காரரிடம் விரல்களைக் காட்டியே பேரம் பேசி வென்றுவிடுவார். என் மகளோ இங்கேயே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அழுவதும் உறக்கத்தில் பிதற்றுவதும் இந்தியில். ஜெபிப்பதும் அவ்வாறே. "பிள்ளைக்குத் தமிழ்ல ஜெபம் பண்ணத் தெரியலியே, நீ சம்பாதிச்சு என்னத்துக்குல?" என்று தாயார் என்னைக் கேட்டதுண்டு. எருசலேமில் நிகழ்ந்ததை வைத்துப் பார்த்தால், இவள் பிறந்த மொழி எது? தகப்பனின் மொழியா, தெருவின் மொழியா? நியாயம் மகளின் பக்கமே என்று அறிவு சொல்லும். அதற்கு இணங்க மனம் இன்றும் மறுக்கிறது.

கிரேக்கச் சுவிசேஷங்களில் அரமேயச் சொற்கள் சில அப்படியே விடப்பட்டுள்ளன. கெத்செமனேயில் இயேசு இறைவனை விளித்த 'அப்பா' அவற்றுள் ஒன்று. பொருள், தந்தை என்பதே. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கட்ட நான் மொழிநூல் வல்லவன் அல்லேன். ஆனால் என் மகள் தன் இந்தி ஜெபத்தை அச்சொல்லைக் கொண்டே தொடங்குவாள். என்னை அழைப்பதும் அச்சொல்லால்தான்.

2019-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தாயார் மருத்துவமனையில் கிடந்த கடைசி இரவுகளில், கட்டிலருகே அமர்ந்து ஜெபித்தவள் அவளே. 'அப்பா' என்று கேட்டதும் தாயார் கைகளைக் கூப்புவார். அவள் இந்தியில் தொடர, இவர் தமிழில் தொடர்வார். யார் முதலில் முடித்தாலும், மற்றவர் ஆமென் சொல்லும் வரை காத்திருப்பார்.