பாலர் வகுப்பில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சுவர் எழும்பும் பருவம் பாலர் பருவமேயாகும். எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும் பிள்ளைகளின் உடலை உரமாக்குவதில் காட்டுகின்றோமா? பாலர் வகுப்பாசிரியை என்ற முறையில் இவ்வினா என்னுள் நெடுநாள் இருந்து வந்தது. அதன் பயனாக எங்கள் வகுப்பறையின் ஒரு மூலையில் உருவானதுதான் பாவனை உடற்பயிற்சிக் கூடம். அது அமைந்த விதத்தைப் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நம் மலாக்கா மாநிலத் தமிழர் வாழ்வு ரப்பரோடு பிணைந்ததாகும். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் இம்மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. காண்டா கம்பில் பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய நம் பாட்டன் பாட்டியர்க்கு உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. உழைப்பே அவர்தம் உடலை இயக்கியது, தேய்த்ததும் அதுவே. அவர்தம் பிள்ளைகள் லயன் வீடுகளின் முன்னே சடுகுடுவும் நொண்டியும் ஆடிக் களித்தனர். இன்றோ பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டன. வாசலில் வாகனங்கள் நிற்கின்றன. பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கின்றது. ஓடுவதற்கு இடம் எங்கே?

3, 4 வயதுக் குழந்தைகள் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமாவது ஓட்டம், குதித்தல் போன்ற விறுவிறுப்பான இயக்கமாக இருத்தல் வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அதே ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே இந்நோய் இன்னும் மிகுதி. ஒரு வகுப்பறை மூலை இக்குறையை முற்றும் தீர்த்துவிடாது. எனினும், உடலை இயக்கும் ஆசையை அங்கே விதைக்கலாம் அன்றோ?

எங்கள் கூடத்திற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகவில்லை. தரையில் இரண்டு பாய்களை விரித்தோம். வெற்று நீர்ப் புட்டிகளில் சிறிதளவு பச்சைப் பயற்றை இட்டு, மூடியை ஒட்டுநாடாவால் இறுக்கி, 'எடைகள்' செய்தோம். தரையில் பத்து அடிச்சுவடுகளை ஒட்டி நடைபாதை அமைத்தோம். தவளைத் தாவல், கொக்கு நிலை, யானை நடை ஆகியவற்றைப் படமாக வரைந்து சுவரில் மாட்டினோம். நுழைவாயிலில் ஒரு சிறு மேசை. அதன்மேல் பெயரேடு, உறுப்பினர் அட்டைகள், ஒரு முத்திரை. ஒரு வேளைக்கு ஐவர் மட்டுமே உள்ளே செல்லலாம். வரவேற்பாளர், பயிற்றுநர், உறுப்பினர் என்னும் பொறுப்புகளை அவர்கள் மாறி மாறி ஏற்பார்கள்.

"கைகளை உயர்த்து" என்று நான் சொன்னால் சோம்பி நிற்கும் பிள்ளைகள், தம்மையொத்த சிறுவன் 'பயிற்றுநராக' நின்று ஆணையிட்டால் உற்சாகத்தோடு குதிக்கின்றனர். வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் அங்கே ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணினான். குதித்து முடித்தபின் நெஞ்சில் கைவைத்து, இதயம் விரைந்து துடிப்பதை அவர்களே உணர்ந்து வியந்தனர்.

ஒரு நாள், ஒரு சிறுமி துணிப் பொம்மையை நடைபாதையில் நிறுத்தி, "தாத்தா, பயப்படாதீங்க. நான் பிடிச்சுக்கிறேன். பத்து வரைக்கும் நடப்போம்" என்று கூறிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாத்தா நீரிழிவால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் நடக்கப் பழகி வருகிறார் என்பதை அவள் தாயாரிடம் கேட்டறிந்தேன். நாம் விளையாட்டு என்று எண்ணுவதில் பிள்ளைகள் தம் வீட்டின் துயரையும் கொண்டுவந்து, அதற்கு மருந்தும் தேடுகின்றனர் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

பெற்றோர் நாளன்று அப்பெரியவர் வந்திருந்தார். பேத்தி அவருக்கும் ஓர் உறுப்பினர் அட்டை எழுதித் தந்தாள். ஊன்றுகோலின் துணையோடு ஏழாவது சுவடு வரை நடந்து நின்றார். "மிச்சத்தை நாளைக்கு நடக்கலாம் தாத்தா" என்று சொல்லி, அவள் அட்டையில் முத்திரை குத்தினாள்.

அன்புப் பெற்றோர்களே, இரண்டு புட்டிகளும் ஒரு பாயும் எந்த இல்லத்திலும் கிடைக்கும். மாலையில் கால் மணி நேரம் உங்கள் பிள்ளையைப் பயிற்றுநராக்கி, நீங்கள் உறுப்பினராகுங்கள். பாவனையாய்த் தொடங்குவது நாளடைவில் பழக்கமாகும். அப்பழக்கம் குடும்பத்தையே காக்கும்.