பதிவேட்டில் நின்ற பெயர்

வண்டியை விற்றுவிட்டால் அதோடு பொறுப்பும் போய்விட்டது என்று நம்பாதவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பணம் கைக்கு வந்தது, சாவியும் ஆர்.சி. புக்கும் வாங்கியவரிடம் போயின, இனி அந்த வண்டியால் எது நேர்ந்தாலும் நமக்கென்ன என்பது இயல்பான எண்ணம், நியாயமான எண்ணமும்கூட. மோட்டார் வாகனச் சட்டத்தின் எண்ணம் வேறு. தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் தையல் கடை வைத்திருந்த ஒருவருக்கு அது தெரியவந்தது, தீர்ப்பாயத்து நோட்டீஸ் கடை வாசலுக்கு வந்த அன்றுதான். அந்த வழக்கில் அவருக்காக ஆஜரானவன் நான்.

அவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை 14,000 ரூபாய்க்கு ஒரு புரோக்கரிடம் விற்றிருந்தார். பத்திரத்தாளில் டெலிவரி நோட் எழுதினார்கள்: இன்று காலை பதினொரு மணி முதல் இந்த வண்டியால் வரும் விபத்து, வழக்கு, அபராதம் அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு. கூடவே உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில், வாங்குபவர் பெயரை எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார் புரோக்கர். அந்தத் தொழிலில் இது அன்றாட நடைமுறை. முதலில் தன் பெயருக்கும் பிறகு அடுத்தவர் பெயருக்கும் மாற்றினால் செலவு இரண்டு முறை, ஆர்.சி.யில் பெயர்கள் கூடக்கூட வண்டியின் விலையும் இறங்கும். அதனால் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் வண்டியோடு சேர்ந்தே கைமாறுகின்றன. இந்த வண்டி புரோக்கரிடமிருந்து ஓர் இளைஞரிடம் போனது. இடையில் இன்சூரன்ஸ் காலாவதியானது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாத மூன்றாம் நபர் காப்பீட்டை யாரும் புதுப்பிக்கவில்லை. ஒருநாள் மாலை, வேலை முடிந்து சாலையோரமாக நடந்துபோன கொத்தனார் ஒருவர்மீது அந்த வண்டி மோதியது. இரண்டாம் நாள் அவர் அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

"வண்டிய வித்து ரெண்டு வருசமாச்சு சார். ஓட்டுனவன நான் கண்ணால பார்த்ததில்ல. நான் எதுக்கு சார் கோர்ட்டுக்கு வரணும்?" என்றார் தையல்காரர். கொத்தனாரின் மனைவி தாக்கல் செய்த இழப்பீட்டு மனுவில் ஓட்டிய இளைஞர் முதல் எதிர்மனுதாரர், இவர் இரண்டாமவர். வழக்கமாக மூன்றாவதாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசியில் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்த நிறுவனம்தான் என்பதால் ஓட்டியவரும் உரிமையாளரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. இந்த மனுவில் அந்த இடம் காலியாக இருந்தது. காப்பீடு இல்லாத வண்டியால் ஒருவர் இறந்தால், ஓட்டியவரோடு சேர்ந்து உரிமையாளரும் தன் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே வழக்கு முழுவதும் உரிமையாளர் யார் என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்கும் எண்ணத்தோடு பொருளை ஒப்படைத்துப் பணம் வாங்கிவிட்டால் உரிமை மாறிவிடும். வண்டியும் ஓர் அசையும் பொருள்தான். என் வாதத்தின் முதல் கால் அது. ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2(30)-ஆம் பிரிவில், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. பதிவானவர் சிறாராக இருந்தால் காப்பாளர், தவணைக் கொள்முதலில் இருக்கும் வண்டி என்றால் அதை வைத்திருப்பவர் என விதிவிலக்குகளும் அங்கேயே உண்டு. அந்த விதிவிலக்குகளில் வண்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் சட்டம், இந்த மனிதர் விஷயத்தில் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்டேன். தேர்தல் பணிக்காக அரசு எடுத்துக்கொண்ட வண்டி விபத்துக்குள்ளானபோது, பதிவுபெற்ற உரிமையாளரின் கட்டுப்பாட்டில் அது இல்லை என்பதால் அவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததையும் எடுத்து வைத்தேன்.

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அரசு வண்டியை எடுத்தபோது உரிமையாளருக்கு மறுக்க வழியில்லை. உங்கள் கட்சிக்காரரோ தானாக விற்றார், தானாக வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டார் என்றார். அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவு, விற்றவரே 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இந்தக் கடமையை வாங்கியவர்மீது மட்டும் சட்டம் வைக்கவில்லை என்பதை விற்பவர்கள் பலரும் அறிவதில்லை. தெரிவிக்கத் தவறினால் அன்று செலுத்த வேண்டியிருந்தது நூறு ரூபாய்க்கு மிகாத தொகை. நூறு ரூபாய்த் தவறு என்று சட்டமே மதிப்பிட்ட ஒன்று, ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலை இப்படி வந்து தட்டும் என்று அந்தப் பிரிவைப் படிக்கும் யாருக்கும் தோன்றாது. அந்த ஏற்றத்தாழ்வு இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆனாலும் எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை நான் ஒருநாளும் குறைத்து எண்ணியதில்லை. கணவனை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். விபத்துக்குக் காரணமான வண்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அதன் நம்பர் மட்டும். அந்த நம்பரைக் கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் கிடைப்பது ஒரே ஒரு பெயர். பதிவேட்டை நம்பாதே, வண்டி எத்தனை கை மாறியது, எந்தப் புரோக்கர், எந்தப் பத்திரம் என்று நீயே தேடிப் பிடித்து வா என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது எந்த வகையில் நியாயம்? டெலிவரி நோட் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதில் கையெழுத்திடாத கொத்தனாரின் குடும்பத்தை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை.

கொத்தனாரின் மாத வருமானத்தை 6,500 ரூபாய் எனத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 78,000, நான்கு பேர் அவரை நம்பியிருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழித்து 58,500, வயது 42 என்பதால், 2009-இல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 14-ஆல் பெருக்கினால் 8,19,000. இறுதிச் சடங்குச் செலவு போன்றவையும், மனு தாக்கலான நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியும் தனி. உழைத்து வாழ்ந்த ஒரு மனிதரின் உயிருக்கு இது பெரிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தையல்காரர் அந்த வண்டியால் கண்டது 14,000 ரூபாய்.

இளைஞரும் தையல்காரரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. அதாவது, முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம். இளைஞரிடம் எதுவும் இல்லை. தையல்காரரிடம் மூன்று சென்ட்டில் ஓட்டு வீடும், கடை போட்டிருந்த சிறு இடமும் இருந்தன; ஜப்தி யார் வீட்டுக்கு வரும் என்பதை அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து, மேல்முறையீட்டுக்குச் சட்டம் கேட்கும் 25,000 ரூபாயைக் கட்டி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனோம். உயர் நீதிமன்றங்களின் கருத்து அப்போது ஒன்றுபோல் இல்லை என்பதால் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது, காப்பீடும் இல்லை; அப்படியிருந்தும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று முடிவானது. தீர்ப்பைப் படித்த அன்று மாலையே அவரை வரச்சொல்லி, சமரசம் பேசுவோம் அண்ணே என்றேன்.

மக்கள் நீதிமன்றத்தில் அந்தப் பெண் வட்டியைப் பெருமளவு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. கடை இடத்தை விற்றுத் தையல்காரர் பணத்தைக் கட்டினார். பிள்ளைகளின் பங்கு, அவர்களுக்குப் 18 வயது ஆகும்வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடப்பட்டது.

அதற்குப் பிறகு விதிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பியல் மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. ஆனால் கை மாறிக்கொண்டே இருப்பவை அந்த ஐந்தாண்டைத் தாண்டிய பழைய வண்டிகள்தான். 2023 ஏப்ரல் முதல், பழைய வாகன டீலர் அரசின் அங்கீகாரம் பெற்றவராக இருந்து, வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். தெருமுனையில் நாலு வண்டியை நிறுத்தி விற்பவரிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அவரிடம் தன் வண்டியைக் கொடுப்பவருக்கு உண்டு. கேட்பவர்கள் குறைவு.

புரோக்கர்மீது தனியாக ஒரு வழக்குப் போட்டோம். அந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்தாத டெலிவரி நோட் புரோக்கரைக் கட்டுப்படுத்தும். எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று கையெழுத்திட்டவர் அவர். கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு தர வேண்டும் என்று தீர்ப்பாகியிருக்கிறது. அவருடைய கடையும் வீடும் மனைவி பெயரில் இருக்கின்றன. தீர்ப்பை நிறைவேற்றக் கோர 12 ஆண்டு அவகாசம் உண்டு, அதில் இன்னும் சில ஆண்டுகள் மீதமிருக்கின்றன. நிறைவேற்று மனு நிலுவையில் உள்ளது.