பதினாறு கட்டங்களின் பூர்வீகம்

எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளைத் திறந்தால் கிக், கிளாப், ஹாட், ஸ்னேர் என்று நான்கு வரிசைகள் வந்து நிற்கும். வரிசைக்கு 16 கட்டங்கள், நான்கு நான்காக நிறம் மாறியிருக்கும். கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் அடி விழும், மறுபடி தொட்டால் போய்விடும். கொழும்பு ஒருகொடவத்தையில், கொள்கலன் லொறிகள் இரவிரவாக ஓடும் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறையில் நானும் நண்பர்களும் இசை அமைப்பது இந்தக் கட்டங்களில்தான். ஹிப்ஹொப் போட்டால் அவை சொன்னபடி கேட்கும். பைலா போட்டால் முரண்டு பிடிக்கும். பைலா ஆறு-எட்டில், மூன்று மூன்றாக நடப்பது. 16-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தாளத்தை இடம்பெயர்த்துக்கொண்டே போகும்.

வோலி பெஸ்டியன் வளர்த்த பைலாவும், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பும் ஓடிய ஊர் இது. இங்கே வந்து நிற்கும் மென்பொருளுக்கு ஏன் ஆறு எண்ண வரவில்லை? 16 என்ற கணக்கை யார், எப்போது வைத்தார்கள்? அதைத் தேடித்தான் புறப்பட்டேன்.

மென்பொருளின் கதையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்துக்காக டிடியே டம்ப்ரன் எழுதிய ஃப்ரூட்டிலூப்ஸ் 1997 டிசம்பரில் வந்தது. 2003-இல் பெயர் எஃப்.எல். ஸ்டுடியோ ஆனது. டிரம் மெஷினைத் திரைக்குள் கொண்டுவருவதே அதன் முதல் எண்ணம். அதனால் எல்லாரும் கை காட்டுவது ரோலண்ட் டி.ஆர்-808-ஐ. இக்குத்தாரோ கக்கேஹாஷி 1972-இல் ஒசாக்காவில் தொடங்கிய நிறுவனம் 1980-இல் வெளியிட்ட பெட்டி அது. 1983-இல் நிறுத்தும்வரை ஏறத்தாழ 12,000 பெட்டிகள் செய்தார்கள். அடியில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை நிறங்களில் 16 பட்டன்கள். பூர்வீகம் கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வெள்ளவத்தையில் ஒரு நண்பரிடம் 808-ஐப் பின்பற்றிச் செய்த பெரிங்கர் ஆர்.டி-8 இருந்தது. அதில் கை வைத்தபோதுதான் இந்த வம்சாவளி அவ்வளவு நேரானதல்ல என்று தெரிந்தது. இந்தப் பெட்டிகளில் இருப்பது ஒரே ஒரு வரிசை. வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் அடிகள் மட்டும் விளக்காக எரியும். ஹாட்டை எழுதும்போது ஸ்னேர் எங்கே விழுகிறது என்று பார்க்க வழியில்லை. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். தாளம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும், அது ஓட ஓட நீங்கள் அடிகளைச் செருகுவீர்கள். மென்பொருளிலோ எல்லா வரிசையும் ஒரே பார்வையில் தெரிகிறது. வசதிதான். ஆனால் படம் அழகாக நிரம்பியதும் தாளம் முடிந்ததாகக் கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பெட்டியில் தாளம் முடிந்ததா என்று காதைத்தான் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒலித் தரத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

அப்படியானால் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டிய முதல் பெட்டி எது? தேடல் இத்தாலிக்குக் கொண்டுபோனது. எக்கோ நிறுவனம் 1972-இல் வெளியிட்ட கம்ப்யூட்டரிதம். ஆறு வரிசைகள், வரிசைக்கு விளக்கெரியும் 16 பட்டன்கள். செய்த தாளத்தைத் துளையிட்ட அட்டையில் சேமிக்கவும் வழி இருந்தது. படத்தைப் பார்த்ததும் சிலிர்த்தது. நாங்கள் தினமும் பார்க்கும் திரை இதுதானே! 808-க்கு எட்டு வருடம் முந்தைய இந்தப் பெட்டி, 808-ஐவிட எங்கள் மென்பொருளுக்கு நெருங்கிய சாயலில் இருக்கிறது. மிகச் சிலவே செய்யப்பட்டதால் அதன் பெயர் வெளியே வரவில்லை.

அதற்கும் முன்னால் போனால் கட்டமே இல்லை. கக்கேஹாஷி ரோலண்டுக்கு முன் நடத்திய ஏஸ் டோன் 1967-இல் செய்த ரிதம் ஏஸில், வால்ட்ஸ், ரும்பா, பொசனோவா என்று ஆயத்தத் தாளங்கள் மட்டுமே. பட்டனை அழுத்தினால் அது வாசிக்கும். மூன்றடி வால்ட்ஸ் அங்கே சமமாக உட்கார்ந்திருந்தது. தாளத்தை நீங்களே எழுதலாம் என்ற சுதந்திரம் வந்தபோது, கூடவே 16 என்ற வேலியும் வந்தது. மேற்கத்திய நடன இசையின் நான்கு அடி, அடிக்கு நான்கு பங்கு. அதோடு நான்கு பிட் எண்ணும் மின்சுற்று 16 நிலைகளைத் தானாகவே தரும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்திப் போயின.

ஆனால் பெட்டிக்குள்ளே ஓடும் கடிகாரம் வேறு கணக்கு. 808 மற்ற மெஷின்களோடு சேர்ந்து ஓட அனுப்பும் துடிப்பு, அடிக்கு 24. கக்கேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று 1983-இல் உலகுக்குக் கொடுத்த, இசைக்கருவிகளை இணைக்கும் மிடி முறையின் கடிகாரமும் அடிக்கு 24. எஃப்.எல். ஸ்டுடியோவின் வழக்கமான அளவு 96. இரண்டு எண்ணையும் நான்காலும் வகுக்கலாம், மூன்றாலும் வகுக்கலாம், மிச்சம் இராது! உள்ளே இருக்கும் யந்திரம் பைலாவுக்கு என்றுமே கதவடைக்கவில்லை. 808-இலேயே அடியின் பங்கை மாற்றும் சுவிட்ச் உண்டு, 16-க்குக் குறைவாகத் தாளத்தை முடிக்கும் வசதியும் உண்டு. நான்கு நான்காக நிறம் பூசிய முகப்பும், அதற்குப் பழகிய எங்கள் விரலும்தான் தடை.

கொட்டாஞ்சேனையில், கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்த ஓர் அண்ணரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, பெட்டிக் கட்டத்தைப் பார்க்காதேயும். மெட்ரோநோமைப் போட்டிட்டுக் கையால தட்டும், மெசின் எழுதிக்கொள்ளும்" என்றவர், என் கீபோர்டிலேயே இரண்டு விரலால் பைலா தட்டினார். திரையில் பார்த்தேன்: பல அடிகள் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் விழுந்திருந்தன. குவாண்டைஸ் கொடுத்து எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்தினால் ஆட்டம் போய்விட்டது. தட்டியதைக் கோட்டுக்கு இழுக்கும் இந்த வித்தையை ரோஜர் லின் 1980-இல் தன் எல்.எம்-1 பெட்டியில் வைத்தார். கூடவே ஸ்விங்கையும் வைத்தார், அது இரண்டிரண்டு அடிகளில் இரண்டாவதைத் தாமதிக்கும். 50 விழுக்காடு என்றால் நேர் நடை, 66-ஐத் தொட்டால் மூன்றின் நடை. அண்ணரின் விரல் எந்த ஒரு எண்ணிலும் நிற்கவில்லை.

நம் பக்கத்தில் 808-ஐத் துணிந்து கையாண்டவர் பம்பாயின் சரண்ஜித் சிங். 1982-இல் 808, டி.பி-303, ஜுபிட்டர்-8 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான், சிக்காகோவின் ஆசிட் ஹவுஸ் நடன இசைக்கு ஐந்து வருடம் முன்பே அந்த ஒலி இங்கே இருந்ததென்று உலகம் வியந்தது. ஆனால் அவரும் ராகத்தை மட்டும்தான் உள்ளே கொண்டுவந்தார். தாளம் டிஸ்கோவின் நான்கிலேயே நின்றது.

எங்கள் ஆட்களில் பெட்டியை நம்பி எழுந்தவர் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போருக்குத் தப்பி லண்டன் சேர்ந்தவர். பாடகி பீச்சஸ் அறிமுகப்படுத்திய ரோலண்ட் எம்.சி-505 பெட்டியில் தானே தாளம் கட்டிப் பழகினார். அங்கே பிறந்த பாடல்களிலிருந்து வளர்ந்ததுதான் தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய ‘அருளர்’, 2005. முறையாக இசை படிக்காத ஒருவர் காதையும் விரலையும் மட்டும் நம்பிச் செய்தது அது. பெட்டிக்கு அந்தப் பெருமையை நான் மனதாரக் கொடுப்பேன்.

இப்போது நாங்கள் முதலில் தட்டிப் பதிகிறோம், பிறகு தாளத்தின் நீளத்தை 12 கட்டமாக்குகிறோம், குவாண்டைஸைக் கடைசிவரை தொடுவதில்லை.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கொச்சிக்கடை வீடுகளில் பழைய இசைக்குழுக்காரரின் ரிதம் பெட்டியோ கீபோர்டோ அலமாரி மேல் இருந்தால் ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்குப் போடாதீர்கள். 808 தன் தாளங்களை மூன்று சிறிய பேட்டரிகளின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும். அந்தக் காலப் பெட்டிகள் பலவும் அப்படித்தான், பேட்டரி செத்தால் அவர் எழுதிய பைலாவும் அழிந்துவிடும். போட்டுப் பாருங்கள். வேலை செய்தால் தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். வாசித்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைத் தட்டச் சொல்லிப் பதியுங்கள்.